மேட்டுக்காட்டில் மிஞ்சிய வெள்ளைக் கார்

எங்கள் பக்கத்தில் குலதெய்வக் கோவிலில் கெடா வெட்டிப் போடும் விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், கார் சாவியைக் காரிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிடுகிற ஆளை மைக்கில் கூப்பிட்டே மானத்தை வாங்குவார்கள். கோவிலைச் சுற்றி அறுவடை முடிந்த காடுதான் இருக்கும். காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, புன்செய் நிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதில் கார்களை ஒன்றின் வாலில் இன்னொன்று இடிக்காத குறையாக நிறுத்துவார்கள். முதலில் வந்தவர் முதலில் கிளம்ப வேண்டுமானால், மறித்து நிற்கும் வண்டிகளை யாராவது நகர்த்தித் தர வேண்டும். அந்த யாராவது மாமன் மச்சானாகவும் இருக்கலாம், முன்பின் தெரியாதவராகவும் இருக்கலாம். இதில் யாரும் யாரையும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. சொந்தத்தில் சந்தேகப் பிராணி என்று பெயர் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

நான் பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். திருச்செங்கோட்டில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் வாசலில் நின்ற காரை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்ட வாரமே எங்கள் காருக்கு ஜிபிஎஸ் மாட்ட வைத்தேன். எங்கள் ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. வடக்கே எங்கோ போர்வெல் தோண்டிக்கொண்டிருக்கும் ரிக் லாரியை முதலாளிகள் இங்கே டீக்கடையில் உட்கார்ந்தபடி போனில் பார்ப்பார்கள். அதே கருவியைத்தான் எங்கள் டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்தார் மாட்டித் தந்தவர். வண்டி ஓடினால் போனில் பச்சைப் புள்ளி. என்ஜின் ஓட, வண்டி நின்றால் மஞ்சள். என்ஜினை அணைத்துவிட்டால் சிவப்பு. புள்ளிக்குக் கீழே, இருந்த இடத்திலிருந்தே என்ஜினை நிறுத்த ஒரு பட்டன்.

“வண்டி ஓடிட்டு இருக்கறப்ப மட்டும் இத அமுக்கிப் போடாதீங்கக்கா. பிரேக்கு கல்லாட்டம் ஆயிரும், ஸ்டேரிங் திரும்பாது” என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் அந்தப் புள்ளியைப் பார்ப்பதே வேலையாகத் திரிந்தேன். வண்டி வாசலில்தான் நிற்கும். ஜன்னலைத் திறந்தால் தெரியும். ஆனாலும் போனில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. “அத என்ற கழுத்துல மாட்டி உட்டிருந்தீன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்பார் என் வீட்டுக்காரர். அவர் அந்தச் செயலியைத் தன் போனில் ஏற்றிக்கொள்ளவே இல்லை.

நாங்கள் கார் வாங்கியதே அப்பாவுக்காகத்தான். அப்பா லாரி டிரைவர். ஆந்திரா, ஒரிசா என்று வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். ஊர் திரும்பும்போது எங்கள் தெரு முனையிலேயே ஹாரன் அடிப்பார். இரண்டு சின்னது, ஒன்று நீளமாக. அதைக் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். அம்மா போன பிறகு அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். கால் பயிற்சிக்கு வாரந்தோறும் காரில்தான் அழைத்துப் போவோம். ஸ்டியரிங் பிடித்தே பழகிய மனிதருக்குப் பின் சீட்டில் பொட்டலம் மாதிரி உட்காரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஓடுகிற வண்டியின் கதவை இடது கையால் இழுத்துத் திறந்துவிட்டார், ஒரு முறை இல்லை, பல முறை. அதனால் பின் கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி சைல்டு லாக் போட்டுவைத்தோம். அதுவும் என் யோசனைதான்.

அந்தக் கெடா விருந்து வெண்ணந்தூர்ப் பக்கத்தில், என் வீட்டுக்காரரின் தொழில் சிநேகிதர் ஒருவரின் குலதெய்வக் கோவிலில் நடந்தது. நல்ல கோடை. மேட்டுக்காட்டில் நின்ற கார்களின் கூரையில் தோசை ஊற்றலாம். அப்பா வருகிறேன் என்று கண்ணாலேயே அடம்பிடித்ததால் அழைத்துப் போனோம். கறிச்சோற்றைப் பிசைந்து ஊட்டினேன், ஆசையாகச் சாப்பிட்டார். மாத்திரை போட்டதும் கண் சொக்கிவிட்டது. அந்த மாத்திரைக்கு அசையாமல் தூங்குவார். கட்டில் கிடையாது, பந்தல் முழுக்கச் சத்தம். காரின் பின் சீட்டில் படுக்க வைத்து, ஏசிக் குளிர் தாக்காமல் இருக்கத் தலையோடு சேர்த்து ஒரு போர்வையைப் போர்த்தி, என்ஜினை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினேன். கடைசிப் பந்திக்கு ஓடினேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அதற்குப் பயப்படவில்லை. சுற்றிலும் தெரிந்த முகங்கள்தானே.

இலையில் ரசம் ஊற்றும்போது வழக்கம்போல் போனைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி.

யாரோ வழிவிட வண்டியை நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டேன். மறுபடி பார்த்தபோது புள்ளி காட்டைத் தாண்டி, தார் ரோட்டைத் தாண்டி, மல்லூர் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

எச்சில் கையோடு ஓடினேன். வேப்ப மரத்தடியில் வண்டி நின்ற இடத்தில் ஏசித் தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் இருந்தது. “அப்பா” என்று கத்தினேன். அவரால் பதில் சொல்ல முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். “அமுக்கு. என்ஜின ஆப் பண்ணு. எவனோ ஓட்டிட்டுப் போறான் பாரு, அமுக்கு!”

கட்டைவிரலைப் பட்டன் மேல் கொண்டுபோனேன். அதற்குள் புள்ளி நாலுவழிச் சாலையில் ஏறிவிட்டது. அந்தச் சாலையில் எப்போதும் பின்னால் ஒரு லாரி வரும். முன்னால் ஒரு லாரி போகும். பிரேக் கல்லாகிப் போன காரை ஒரு திருடன் எப்படி ஒதுக்குவான்? அப்படியே ஒதுக்கினாலும், வண்டி ஏன் நின்றது என்று திரும்பிப் பார்ப்பான். போர்வைக்குள் ஒரு ஆள் இருப்பதைப் பார்ப்பான். பார்த்தால் என்ன செய்வான்? ரோட்டில் இழுத்துப் போட்டுவிட்டுப் போவானா? ஒன்றும் செய்யாமல் கதவைச் சாத்திவிட்டு ஓடினாலும் போதும். ஏசி இல்லாத அந்தக் காருக்குள் அப்பா எவ்வளவு நேரம் தாங்குவார்? சாவி இல்லாமல் கண்ணாடி இறங்காது. கதவைத் திறக்க முடியாது, நான்தான் அதற்கு வழி செய்து வைத்திருந்தேனே.

“நான் அமுக்க மாட்டேன்” என்றேன்.

“பைத்தியமாடி உனக்கு?” என்று போனைப் பிடுங்க வந்தார். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். போன் முழுக்கக் கறிக்குழம்பு. அவர் காறித் துப்பிவிட்டு, யாருடைய காரையோ எடுத்துக்கொண்டு சேலம் ரோட்டில் பறந்தார். அந்தக் காரிலும் சாவி இருந்தது, எடுத்தார், போனார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அமுக்காமல் விட்டது சரியா என்று எனக்குத் தெரியாது. பச்சையாக இருக்கும் வரை அப்பாவுக்குக் குளிர்ந்த காற்று இருக்கிறது என்று மட்டும் தெரியும். பச்சையாகவே இரு, பச்சையாகவே இரு என்று அந்தப் புள்ளியைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் அப்பாவை ஒருவன் தூக்கிக்கொண்டு போகிறான், அவன் நிற்காமல் போக வேண்டும் என்று நான் சாமி கும்பிடுகிறேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

போலீசுக்குப் போன் போட என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனிடம் போனை வாங்கினேன். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எங்கள் காருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். போனைக் கொடுத்தவர் அதிலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

“அண்ணி, சாவி வண்டிலயே இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க. அப்பறம் கிளெய்ம் நிக்காது. அசால்ட்டா உட்டதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு தள்ளிப்போடுவாங்க. ஸ்பேர் சாவியோட சேத்து ரெண்டும் எங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க. சாவி பையில இருந்துச்சு, எவனோ பையோட அடிச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க.”

“உள்ள எங்கப்பா இருக்காரு.”

“அதையும் சொல்லுங்க அண்ணி. சாவிய மட்டும் இப்பிடிச் சொல்லுங்கன்னுதான்.”

அவர் கெட்டவர் இல்லை. பல பேருடைய கிளெய்ம் இதே காரணத்தால் கைவிட்டுப் போனதைப் பார்த்தவர். ஆனால் அந்த நொடியில் அவரை அறைந்திருப்பேன். கையில் போன் இருந்ததால் தப்பித்தார்.

மறுமுனையில் எடுத்தவர் ஒரு பெண் போலீஸ். என் அழுகையை அவர் கண்டுகொள்ளவில்லை. வண்டி நம்பர், நிறம், எங்கே நின்றது, புள்ளி இப்போது எங்கே போகிறது என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. “சாவி எங்கம்மா இருந்துச்சு?”

ஏஜென்ட் என்னையே பார்த்தார். “வண்டிலதாங்க. என்ஜின் ஓடிட்டு இருந்துச்சு. இங்க எல்லாரு வண்டிலயும் சாவி இருக்கும், அது எங்க பழக்கமுங்க” என்றேன். ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எல்லா வண்டிலயும் சாவியா?” அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். “அப்படின்னா திருடனா இருக்கணும்னு இல்லம்மா. உங்க வண்டிய யாராச்சும் மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கலாம். அங்க ஆளில்லாம எந்த வண்டி நிக்குதுன்னு பாருங்க. நான் ரோந்து வண்டிக்குச் சொல்லிடறேன்.”

திரும்பிப் பார்த்தேன். காடு முழுக்க வெள்ளைக் கார்கள். எங்கள் பக்கம் கார் வாங்குகிறவர்கள் வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்ப்பதில்லை, மாடலும் ஒருவர் வாங்கியதையே ஊரே வாங்கும்.

விருந்து வைத்தவர் கோவில் மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் கையிலிருக்கறதப் போட்டுட்டு அவங்கவங்க வண்டிகிட்டப் போயி நில்லுங்க சாமி. ஒரு உசுரு சமாச்சாரம்.” பந்தலில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். கை கழுவாதவர்கள், தாம்பூலம் மென்றவர்கள், குழந்தையைத் தூக்கியவர்கள் எல்லோரும் அவரவர் கார்ப் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒவ்வொரு காரின் பானெட்டிலும் ஒரு கை இருந்தது. எங்கள் வண்டி நின்ற இடத்துக்கு இரண்டு வரிசை தள்ளி நின்ற ஒரு காரில் மட்டும் கை இல்லை. வெள்ளை. எங்கள் மாடல்.

ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின் சீட்டில் போர்வை போர்த்தி நீளமாக ஒன்று கிடந்தது.

இதுதான் எங்கள் கார், அப்பா இங்கேயேதான் இருந்திருக்கிறார், என்ஜின் அணைந்துவிட்டிருக்கிறது, நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. போர்வையை இழுத்தேன். சேலைகள். பாலித்தீன் உறை போட்ட சேலைக் கட்டுகள், ஒரு ஆள் நீளத்துக்கு அடுக்கியிருந்தன. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நிம்மதியா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“அட, இது நம்ம சேல ஏவாரியோடதாச்சே. சேலம் அம்மாபேட்டைக்காரரு. தல நோவுதுன்னு அப்பவே சொல்லிட்டுக் கெளம்புனாரு” என்றார் விருந்து வைத்தவர். உடனே அவருக்குப் போன் போட்டார். எங்கள் எதிரிலேயே, அந்தக் காரின் கியருக்குப் பக்கத்தில், பாட்டுப் பாடியது. போனை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

அப்போதுதான் என் போனைப் பார்த்தேன். புள்ளி அம்மாபேட்டைக்குள் இருந்தது. நிறம் மாறியிருந்தது. சிவப்பு.

எத்தனை நேரமாகச் சிவப்பு என்று பார்க்கும் வழி அந்தச் செயலியில் உண்டு. எனக்கு அதைத் தொட விரல் எழவில்லை. சற்று முன் திறந்த கதவிலிருந்து வந்த அனல் இன்னும் முகத்தில் எரிந்தது. அதே அனலுக்குள் அப்பா இருக்கிறார். என் வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன். அவர் சேலத்துக்குள் நுழையும் சீலநாயக்கன்பட்டியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

விருந்து வைத்தவர் தன் மனைவியைக் கேட்டு வியாபாரியின் வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்தார். வியாபாரியின் மனைவி எடுத்தார். போனை நான் வாங்கிக்கொண்டேன்.

“அவர் இன்னும் வரலைங்களே” என்றார்.

“வந்துட்டாருங்க. வண்டி உங்க பக்கம்தான் நிக்குது. அது எங்க வண்டிங்க. உள்ள எங்கப்பா இருக்காரு, பேச வராது.”

“என்னங்க சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க. பக்கத்துல தறி ஓடுதுங்க. போதாததுக்கு எவனோ ரொம்ப நேரமா ஹாரன வேற அடிச்சுட்டே இருக்கான், ஒண்ணுமே கேக்கல.”

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். போனுக்குள் தறிச் சத்தம். அதற்கு அடியில், எங்கோ தூரத்தில் ஹாரன். சின்னது. இன்னொரு சின்னது. அப்புறம் நீளமாக ஒன்று, பாதியில் தேய்ந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி இரண்டு சின்னது.

“அது எங்கப்பா” என்று கத்தினேன். “அம்மா, அந்த ஹாரன் அடிக்கறது எங்கப்பாங்க. ஓடுங்க. சத்தம் வர்ற பக்கம் ஓடுங்க.”

அந்தப் பெண்மணி அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஓடினார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அவர்கள் தெருவுக்குள் கார் நுழையாது, தறிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில்தான் நிறுத்துவார்களாம். ஹாரன் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்து, சட்டென்று நின்றுபோனது.

“எங்க வண்டியாட்டவே இருக்குங்க. பூட்டியிருக்கு. ஐயோ, முன்னாடி ரெண்டு சீட்டுக்கு நடுவுல ஒருத்தர் கவுந்து கெடக்கறாருங்க. கை ஸ்டேரிங்குல இருக்கு.”

“கண்ணாடிய உடைங்க.”

“அடுத்தவங்க வண்டிங்களே...”

“என் வண்டிதாங்க. நான் சொல்றேன். உடைங்க!”

கல் படும் சத்தம் கேட்டது. உடையவில்லை. மறுபடி ஒரு சத்தம். மூன்றாவதற்குக் கண்ணாடி கொட்டுகிற ஓசை. அப்புறம் பல பேர் குரல், தண்ணி கொண்டா, தூக்கு, காலைப் பிடி. நான் மேட்டுக்காட்டில் நின்றுகொண்டு, “இருக்காருங்களா? இருக்காருங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் யாரும் இன்னும் தங்கள் கார் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“இருக்காரும்மா” என்றார் அந்தப் பெண்மணி. “கண்ணத் தொறந்தாரு. என்னப் பாத்து மொறைக்கறாரு.”

சேலை வியாபாரி கார் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மேட்டுக்காட்டில் என்ஜின் ஓடுவதைப் பார்த்து, யாரோ நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். பின் சீட்டுப் போர்வையைப் பார்த்து, தன் சேலைக் கட்டுதான் என்று நினைத்திருக்கிறார். பொட்டலில் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே சாயப் பட்டறைக்கு நடந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முன்னால் நின்று, “மூட்டைன்னு நெனச்சுட்டேம்மா” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை. அவர் மனைவியின் கையைத்தான் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி கிழித்த கையில் கட்டுப் போட்டிருந்தார்கள்.

ஏஜென்ட் மறுவாரம் வந்தார். உடைந்த கண்ணாடிக்கு கிளெய்ம் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். காரணம் என்று என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. எழுத வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சைல்டு லாக்கை எடுத்தாயிற்று. அப்பா இப்போது முன் சீட்டில்தான் உட்காருவார். வண்டி திரும்பும்போதெல்லாம் இடது கை தன்னால் ஸ்டியரிங் பக்கம் நகரும். என் வீட்டுக்காரர் அந்தக் கையைத் தள்ளிவிடுவதில்லை. அவர் போனிலும் இப்போது அந்தப் புள்ளி இருக்கிறது.

நான்தான் புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பயம் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம், அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் பகல் முழுக்க ரிக் லாரிகள் போகும், வரும், ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு ஹாரனுக்கும் நான் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அப்பாவின் அறைக்குப் போகிறேன். இடது கை நெஞ்சின் மேல் கிடக்கும். அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புகிறேன்.